வெறுங்காலும் நீல உப்பும்

குளிர்காலத்தில் நான் உப்புப் போடுகிறவள். சட்டியில் அல்ல, ஐஸ் உறைந்து வழுக்கும் கார் நிறுத்துமிடங்களில். என்னுடைய பிக்கப் ட்ரக்கின் பின்பெட்டியில் ஒரு பெரிய தொட்டி பூட்டியிருக்கிறது. தொட்டியின் அடியில் ஒரு சங்கிலி ஓடி, உள்ளே கிடக்கும் உப்பையோ மண்ணையோ பின்பக்கம் இழுத்து வரும். அங்கே ஒரு வட்டத்தட்டு சுழன்று அதை வீசி எறியும். எவ்வளவு விழவேண்டும், எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதற்கு என் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு திருகுகள். இவ்வளவுதான் வித்தை. கணவருக்கு முதுகெலும்பு பழுதான வருடம் அவர் கட்டிலில் படுத்தார், நான் ட்ரக்கில் ஏறினேன். "பொம்பிளை உப்பு லொறி ஓடுறா" என்று ரொறன்ரோவில் எங்கள் சனம் நிறைந்த ஸ்காபரோவில் கொஞ்சக் காலம் கதைத்தார்கள். பிறகு அவர்கள் கடை வைத்திருந்த பிளாசாவுக்கே நான்தான் உப்புப் போட்டேன், வாய் அடங்கிவிட்டது.

என் அண்ணை மட்டும் இன்றுவரை பகிடி விடுகிறார். "கறிக்கு உப்புக் குறைஞ்சாலும் காரியமில்லை, ரோட்டுக்குக் குறைய விடமாட்டாள்" என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லுவார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். அவர் சொன்னால் நான் கேட்பேன் என்றும், நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார் என்றும் எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஊரார் வழுக்காமல் இருக்க உப்புப் போடப் போன நான், இரண்டு குளிர்காலத்துக்கு முன்னர் மோர்னிங்சைட் வீதி இறக்கத்தில் சறுக்கினேன். நிறைந்த தொட்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ள, ட்ரக் பிரேக்குக்கு நிற்காமல் போய் ஒரு கம்பத்தில் மோதியது. ஆஸ்பத்திரியில் நான் கண் திறக்காமல் கிடந்தபோது அண்ணைதான் பக்கத்தில் இருந்தாராம். தங்கச்சி எழும்பினால் தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பாற்குடம் எடுக்கிறேன் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்தாராம். நான் எழும்பினேன். வீட்டுக்கு வந்து, நடக்கப் பழகி, மறுபடி ட்ரக்கில் ஏறிய பிறகுதான் அந்த நேர்த்தியைப் பற்றி எனக்குச் சொன்னார்.

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. அண்ணைக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. கால் இரண்டும் மரத்துப்போனவை. பேரனின் விளையாட்டுக் கட்டை ஒன்று சப்பாத்துக்குள் கிடந்ததைத் தெரியாமல் ஒரு நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, பின்னேரம் சொக்ஸில் இரத்தத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தவர். வீட்டுக்குள்ளேயே செருப்புப் போடச் சொல்லி டொக்டர் கண்டித்திருந்தார். இந்தக் காலோடு, தை மாதத்தில், ரொறன்ரோவில், வெறுங்கால் நடை!

"முருகனுக்கு இந்த நாட்டுக் குளிர் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியும். உனக்குத்தான் அவரைத் தெரியாது" என்றார் அண்ணை.

இந்த முறை தைப்பூசத்துக்கு வெளிவீதியிலும் ஒரு சுற்று வருவதென்று கோயிலில் தீர்மானித்திருந்தார்கள். கோயில் என்றால் முன்னொரு காலத்தில் களஞ்சியமாக இருந்த கட்டடம். வெளிவீதி என்றால் அதைச் சுற்றியிருக்கும் கார் நிறுத்துமிடம். அதற்குக் குளிர்கால வேலை செய்வது நான்தான். நிர்வாகத்தில் இருக்கும் ஒரு அங்கிள் முதல்நாளே போன் எடுத்தார்.

"பிள்ளை, சனம் வெறுங்காலோட வரும். உப்புப் போட்டிடாதேங்கோ, எரியும். மண் மட்டும் போடுங்கோ."

அவர் சொல்லாவிட்டாலும் நான் போட்டிருக்கமாட்டேன். உப்பு ஐஸை உருக்கும், உண்மைதான். ஆனால் அது வெந்நீர் ஊற்றி உருக்குவதுபோல் அல்ல. உப்பும் ஐஸும் சேர்ந்து உருகும் அந்தச் சேறு ஐஸைவிடக் குளிரானது. கையுறை அதில் நனைந்தால் சிறிது நேரத்தில் விரல் நெருப்பில் வைத்ததுபோல எரியும். எரிந்தால் கையை எடுத்துவிடலாம். எரிவது தெரியாத காலை யார் எடுப்பது?

அதனால், ஐஸை உருக்காவிட்டாலும் காலுக்குப் பிடிப்புக் கொடுக்கும் மண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டு போனேன். இதிலும் ஒரு கரைச்சல் இருக்கிறது. உப்புக் கலக்காத மண் தொட்டிக்குள்ளேயே உறைந்து கட்டியாகிவிடும். அன்று காலை பாதி வேலைக்குள் சங்கிலி இழுக்கமாட்டேன் என்று நின்றது. ஏறி நின்று அலவாங்கு என்கிற கடப்பாரையால் குத்திக் குத்தி உடைத்தேன். தட்டு ஓரிடத்தில் அள்ளிக் கொட்டியது, இன்னோரிடத்தில் ஒன்றுமே போடவில்லை. விடுபட்ட இடங்களுக்கு மண்வெட்டியால் அள்ளி எறிந்தேன். கண்ணாடிபோல் சில திட்டுகள் அப்படியும் மிஞ்சின. வேறு இரண்டு இடங்களில் வேலை காத்திருந்தது. முடித்துவிட்டு ஓடிவந்து மிச்சத்தைப் பார்க்கலாம் என்று போனேன்.

திரும்பி வந்தபோது நல்ல வெயில். இங்கே முகில் இல்லாத நாள்தான் பொல்லாத குளிர் நாள். நாதஸ்வரம் கேட்டது. பாற்குடங்கள் கட்டடத்தின் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டிருந்தன. ட்ரக்கை ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன். இறங்கிய இடத்திலேயே நிலத்தில் நீலக் குறுணிகள் கிடந்தன.

என்னுடைய உப்பு சாம்பல் நிறம். நீலம் என்றால் கடையில் பையில் விற்கும் உப்பு. வழுக்கும் திட்டுகளைக் கண்ட தொண்டர்கள் சிலர், வயது போனவர்கள் விழுந்துவிடுவார்களே என்று பதறி, பை பையாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்த கதை. அவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை. என் மண் ஒழுங்காக விழுந்திருந்தால் அவர்கள் ஏன் உப்பைத் தேடப்போகிறார்கள்?

பாதை முழுக்கச் சேறு. இளம் பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, இட்ஸ் பேர்னிங்!" என்று ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டே கம்பளம் விரித்த வாசலுக்கு ஓடினாள். அவர்களுக்கு நடுவில் அண்ணை வந்தார். தலையில் குடம், தோளில் சால்வை, கணுக்கால்வரை சேறு. முகத்தில் ஒரு சுழிப்புக்கூட இல்லை. ஆறுதலாக, அடிமேல் அடி வைத்து வந்தார்.

"அந்த ஐயாவைப் பாருங்கோ. சின்னனுகள் எல்லாம் ஓடுதுகள், அவர் அசையேல்லை" என்றார் எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா. "முருகன் தாங்கிறான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் இன்னொருவர்.

ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"அண்ணை, காணும், நடந்தது போதும். உள்ளுக்குப் போங்கோ. கீழ உப்புக் கிடக்கு."

"விலகு பிள்ளை. எனக்கொண்டும் செய்யேல்லை. குளிரவே இல்லை" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். அவருக்கு அது அருள். அந்த வார்த்தையைப்போல வேறெதையும் நான் அவ்வளவு பயத்தோடு கேட்டதில்லை.

என் பூட்ஸைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை விலத்திக்கொண்டு நடந்தார். பூட்ஸைத் தூக்கப் போன நான் சொக்ஸோடு அந்தச் சேற்றில் நாலடி வைத்தேன், அவ்வளவுதான், ஐயோ என்று கத்திவிட்டேன். "கோயிலடியில கத்தாதேங்கோ" என்று யாரோ அதட்டினார்கள். குடத்தைப் பறித்துவிடலாமா என்று யோசித்தேன். என் உயிருக்காக வைத்த நேர்த்தி. அந்தப் பாலைக் கொட்டினால் அவர் என்னை மன்னிப்பாரா என்ற பயம் அல்ல, கொட்டியும் நடப்பார் என்ற பயம்தான் என்னைத் தடுத்தது.

ட்ரக்குக்கு ஓடினேன். தொட்டியில் கொஞ்சம் மண் மிச்சம் இருந்தது. அவருக்கு முன்னால் போய், தட்டை மெல்லச் சுழலவிட்டு, சேற்றின்மேல் மொத்தமாக மண்ணைப் போட்டுக்கொண்டே போனால் அவர் காலாவது அதற்குமேல் இருக்கும். கூட்டத்தை ஹோர்ன் அடித்து விலக்கினேன். நாதஸ்வரக்காரர் என்னை முறைத்தார். திருகைத் திருப்பினேன். தட்டு சுற்றியது, மண் விழவில்லை. மறுபடி உறைந்துவிட்டது. அலவாங்கோடு மேலே ஏறிக் குத்தினேன். "இஞ்ச என்ன கூத்துக் காட்டுறியள்?" என்று கீழேயிருந்து அங்கிள் கேட்டார். நான் குத்திக்கொண்டே இருந்தேன். ஒரு பெரிய கட்டி உடைந்து பின்னால் தொப்பென்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணை சுற்றை முடித்து வாசல்படி ஏறிக்கொண்டிருந்தார்.

அபிஷேகம் முடியுமட்டும் அவர் நிலத்தில் உட்காரவில்லை. பிறகு சுவரில் சாய்ந்து அமர்ந்து காலை நீட்டினார். விரல்கள் மெழுகுதிரி நிறத்தில் இருந்தன. தொட்டேன், கல்லைத் தொட்டது போல இருந்தது. அவருக்கு நான் தொட்டதே தெரியவில்லை. பாற்குடம் எடுத்த திருப்தியில் எனக்கு விபூதி பூசிவிட்டார். நான் அழுதுகொண்டே அவரை எமெர்ஜென்சிக்குக் கொண்டுபோனேன்.

கொப்புளம் வந்தது, கறுத்தது. இடதுகாலில் சின்னவிரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். மிச்சம் ஆறுமா, இன்னும் மேலே வெட்டவேண்டி வருமா என்று டொக்டர்களுக்கே தெரியாது. மருந்து கட்ட ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கு நேர்ஸ் வருகிறா. அந்த நேரத்தில் நானும் போய்ப் பக்கத்தில் இருப்பேன். அண்ணைக்கு வலி இல்லை, கவலையும் இல்லை. "நீ இருக்கிறாய்தானே? கணக்குச் சரி" என்கிறார். எனக்குத்தான் இரவும் பகலும் அந்தக் கால் கண்ணுக்குள் நிற்கிறது.

போன கிழமை நேர்ஸ் கட்டுப்போட்டுவிட்டுப் போனபிறகு, அவர் மெல்ல என் கையைப் பிடித்தார்.

"உனக்கு ஒண்டு சொல்லவேணும். கத்தக்கூடாது."

"என்ன?"

"இந்தக் கால் ஆறிச்சுதெண்டால் வாற தைப்பூசத்துக்கும் எடுக்கிறன் எண்டு நேர்ந்திட்டன்."

"சப்பாத்தோடயோ?" என்று கேட்டேன்.

"விசரி! சப்பாத்தோட ஆரும் பாற்குடம் எடுக்கிறவையோ?"

அன்றிலிருந்து சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு நான் சும்மா நிற்கிறேன். அண்ணையின் கால் ஆறவேண்டும் என்று முருகனிடம் கேட்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது.