விண்கலத்தில் தூங்கும் கணவன்

நான் விண்வெளிக் கதை எழுதுகிறேன் என்றால் பள்ளி ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சிரிப்பு. “தாம்பரம் சிக்னலையே தாண்ட முடியல, டீச்சர் செவ்வாய்க்குப் போறாங்க” என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். பஸ்ஸில் நின்றபடி கோவிலம்பாக்கம் போய்ச் சேரவேண்டியவளுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது?

வீட்டுக்கு வந்தால் கணவரின் அறைக் கதவு சாத்தியிருக்கும். அலுவலகம் நாவலூரில், வேலை எங்கள் படுக்கையறையில். மீட்டிங் நடக்கும் என்பதால் கதவைத் தட்டக் கூடாது. உள்ளேயிருந்து என் போனுக்கு ‘காபி’ என்று மெசேஜ் வரும். போட்டு, கதவோரம் ஸ்டூலில் வைத்து, ‘வெச்சாச்சு’ என்று பதில் அனுப்புவேன். சில நாள் எங்களுக்குள் பேச்சே அவ்வளவுதான்.

நேரில் சொல்லியும் பார்த்தேன். “வேலைம்மா, வேணும்னே பண்றேனா?” என்பார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். ஆகவே கதையாக எழுதினேன். விண்வெளிக் கதைகளில் தனியாக மாட்டிக்கொள்கிறவர்கள் பூமியை விட்டு வெகுதூரம் போயிருப்பார்கள். எனக்கு எங்கள் ஹாலே போதுமானதாக இருந்தது.

ஒரு விண்கலம். கணவன் கண்ணாடிப் பேழைக்குள் ஆண்டுக்கணக்கில் தூங்குகிறான். மனைவி விழித்திருந்து கலத்தைக் கவனித்துக்கொள்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவன் கண் விழித்து, “தனியாவா இருந்தே?” என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்காகத்தான் முழுக் கதையும்.

ஒரு ஞாயிறு மதியம் அவர் கையில் கொடுத்தேன். புரிந்துகொள்வாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனைத் தொடாமல் முழுதும் படித்தார்.

“சூப்பரா இருக்கு. ஒரு லாஜிக் மட்டும் இடிக்குது. தூங்கறவனுக்கு சாப்பாடு யார் குடுக்கறது?”

“அவதான்.”

“அப்போ அதையும் எழுது. அப்புறம், அவன் முழிச்சுக்கவே கூடாதும்மா. முழிச்சுட்டா சாதாரண புருஷன் பொண்டாட்டி கதை ஆயிடும்.”

ஆர்வமாகத்தான் சொன்னார், பாவம். எனக்கு அழுகைகூட வரவில்லை. உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. அவர் சொன்னபடியே கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

கதை பத்திரிகையில் வந்தது. முடிவு மனதை உலுக்கிவிட்டதாக வாசகர்கள் எழுதினார்கள். அவர் அந்தக் கடிதங்களைப் படம் பிடித்து எங்கள் குடும்ப குரூப்பில் பெருமையாகப் போட்டு, கீழே எழுதியிருந்தார்: ‘முடிவு என்னோட ஐடியா.’