கோலத்தில் வழிந்த ஆயில்

எங்கள் கார் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய கிழம். போன மாதம் அதற்குச் சிந்தெடிக் ஆயில் ஊற்றச் சொன்னது என் கொழுந்தனார் சேகர். நாங்கள் இருக்கும் புனேயிலேயே, ஆகுர்டியில் கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். "மாத்திப் பாருண்ணா, இன்ஜின் புதுசு மாதிரி ஓடும்" என்றார். ஓடவும் ஓடியது.

ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பொட்டு, மாலை, முன்னால் கோலம். அன்று முழுக்க அதை அசைக்க மாட்டோம். மறுநாள் காலை பார்க்கிங்கில் போய்ப் பார்த்தால்... சரிவில் கறுப்பாக வழிந்து வந்து கோலத்தை நனைத்திருந்தது ஆயில்.

இங்கே தசராவன்று ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லிக் கையில் கொடுத்து வாழ்த்துவார்கள். அந்த இலையோடுதான் சேகர் சாப்பிட வந்தார். என் கணவர் அதை வாங்கக்கூட இல்லை.

"நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்ட."

"ஆயில் கெடுக்கலண்ணா. ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீல் எப்பவோ தேஞ்சு போச்சு. இத்தனை வருஷமா கசடுதான் அதை அடைச்சுட்டு இருந்துச்சு. புது ஆயில் கசடைக் கழுவிடுச்சு, அவ்வளவுதான்."

"எதுக்கும் ஒரு காரணம் வச்சிருப்ப. அப்பா சாவுக்கு லேட்டா வந்தப்பவும் ரயில் லேட்டுன்னுதான சொன்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனார் கோயமுத்தூரில் காலமானபோது நாங்கள் அங்கேதான் இருந்தோம்; புனேயிலிருந்து சேகர் வந்து சேர்வதற்குள் இவர் கொள்ளி வைத்து எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிறு தவறாமல் சேர்ந்து சாப்பிடுவார்கள். டயர், மைலேஜ், பெட்ரோல் விலை என்று பேசித் தீர்ப்பார்கள். எவ்வளவு ஒற்றுமை என்று நானும் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

சேகர் மெல்லச் சொன்னார். "ரயில் லேட்டுதான். நீ ஒரு மணி நேரம் காத்திருந்தா, அப்பா முகத்தைப் பார்த்திருப்பேன்."

இலையை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. இனி வரவே மாட்டாரோ என்று பயமாக இருந்தது. பக்கத்து ஃப்ளாட்காரர் யோசனை சொன்னார் – பழையபடி கெட்டி ஆயிலையே ஊற்றிவிடுங்கள், கசிவு அடங்கிவிடும். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எத்தனை வீடுகள் அப்படித்தானே ஓடிக்கொண்டிருக்கின்றன? யாரும் எதையும் கிளறாமல், கசடை நம்பி...

என் கணவர் கேட்கவில்லை. கசிந்து குறைந்த அளவுக்கு அதே ஆயிலை ஊற்றி நிரப்பிக்கொண்டு கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். சேகர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், கீழே சொட்ட ஆரம்பித்தது.

சேகர் வெளியே வந்தார். முதலில் குனிந்து வண்டியின் அடியைத்தான் பார்த்தார்.

"சீல் மாத்தணும்டா" என்றார் இவர். பக்கத்தில் தானும் குனிந்து, "நான் காத்திருந்திருக்கணும்" என்றார்.

சேகர் நிமிரவில்லை. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜாக்கை எடுண்ணா" என்றார்.

இப்போது காரின் அடியில் ஓர் அட்டையைப் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன், காய்ந்துதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் சாப்பாட்டு மேஜையில் மாமனாரைப் பற்றி ஏதாவது ஒன்று இன்னும் சொட்டுகிறது.

சொட்டட்டும்... அதற்கு நான் அட்டை போடுவதாக இல்லை.