நம்பர் தேய்த்த பாகமும் சரோஜாவும்

சரோஜா போய்விட்டார் என்று அவருடைய வீட்டுக்காரர் போன் செய்தபோது, நான் ஒரு டிவியின் முதுகைத் திறந்து வைத்திருந்தேன். "காலையில நெஞ்சு வலின்னு சொன்னாண்ணே. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு" என்றார். அந்த டிவியை மூன்று நாள் நான் தொடவில்லை. மலாக்காவில் என் கை படாத டிவி கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் மூன்று நாள் சும்மா உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் டெஸ்டிங் பார்க்கும் அம்மா என்றுதான் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். தெங்கேராவில் அவர் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டெலிபோன் ஒயரைச் செருகினால் அது கோழி கழுத்தை நெரித்த மாதிரி கத்திவிட்டு, உலகத்து எலெக்ட்ரானிக் ஆட்கள் கூடுகிற ஓர் இடத்துக்குப் போகும். அங்கே ஒருவன் எழுதுவான்: கறுப்புப் பாகம், கால் மூன்று, பாதி எழுத்து எரிந்துவிட்டது, இது என்ன? தெரிந்தவன் பதில் போடுவான். நூறு தேசத்துக்காரர்களுக்கு சரோஜா பதில் சொல்லியிருக்கிறார். நூறு இல்லாவிட்டாலும் இருபது இருக்கும். எல்லாரும் அவரை ஆம்பளை என்று நினைத்து 'மிஸ்டர்' போட்டு எழுதுவார்கள். திருத்தச் சொன்னேன். "விடுங்கண்ணே, அவங்களுக்குப் பாகம் தெரிஞ்சா போதும்" என்றார்.

அடிக்கடி ஒன்று சொல்வார்: "எரிஞ்சவன் பேரு சொல்லமாட்டான். அக்கம்பக்கத்துல விசாரிங்க." பாகம் கருகிப்போனால் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அதன் அர்த்தம்.

இப்போது முனியம்மா அக்கா கதைக்கு வருகிறேன். அலோர் காஜா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். தோட்ட வேலை நின்றபோது கிடைத்ததை எல்லாம் போட்டு, குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று வாங்கியிருந்தார். ஒரு நாள் அதன் சர்க்யூட் பலகையை பிஸ்கட் டின்னில் வைத்து, பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிட்டார். பெட்டி நிறைய முட்டை. மூன்று நாளில் பொரிய வேண்டும். சூடு நின்றுவிட்டது. உள்ளே அரிக்கேன் விளக்கை வைத்து, வீட்டுக்காரரைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"போன வருஷம் நீதானே தம்பி செஞ்ச. நீயே செஞ்சி குடு."

பார்த்தேன். சூட்டை ஏற்றி இறக்கும் மூன்று கால் பாகம் வெடித்திருந்தது. போன வருஷம் நான் மாட்டியதேதான். அதன் முகத்தில் நம்பர் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல பாகம் மாட்டினால் உப்புத்தாளால் நம்பரைத் தேய்த்துவிடுவோம். நாளைக்கு எதிர்க்கடைக்காரன் திறந்தால் நம் வித்தை அவனுக்குத் தெரியக்கூடாது. எழுதி வைக்கவும் மாட்டேன். ஆயிரம் பாகம் என் தலைக்குள் இருக்கும். அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

அக்காவையும் கூட்டிக்கொண்டு சரோஜா வீட்டுக்குப் போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"யாருண்ணே நம்பரைத் தேய்ச்சது?"

"ஜப்பான்காரன் அப்படித்தான் அனுப்புறான்."

"ஓ. ஜப்பான்காரன் உங்க கடை உப்புத்தாள்தான் வாங்குறான் போல" என்று சொல்லிவிட்டு, கேள்வியை எழுதி அனுப்பினார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா சரோஜா வீட்டுக்கே வந்துவிட்டார். விளக்குச் சூடு போதவில்லையாம். இன்னொரு பகல் தாங்காது என்றார். மூன்று பதில் வந்திருந்தது. சரோஜா தமிழில் படித்தார். முதல் ஆள், தேய்த்தவனைத் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னான். அடுத்தவனுக்குத் தெரியவில்லை. மூன்றாமவன் டச்சுக்காரன். அவன் எழுதியிருந்தான்: 'ஊகித்து மாட்டினால் தீப்பிடிக்கும். தேய்த்த ஆளைக் கண்டுபிடியுங்கள். அந்த வருஷம் அவன் டிராயரில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.'

சரோஜா என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

முனியம்மா அக்கா டின்னை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

"நெனச்சேன்" என்றார் அக்கா. "அத நேத்தே சொல்லியிருந்தா நான் ஒரு பஸ்ஸு மிச்சம் பிடிச்சிருப்பேன்லா."

மூவரும் என் கடைக்கு ஓடினோம். டிராயரைக் கவிழ்த்தேன். பழைய வாஷிங் மெஷின் ஒன்றிலிருந்து நான்கு பாகம் கழற்றியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மீதம் இருந்தன, நம்பரோடு. சரோஜா மீட்டர் வைத்துப் பார்த்து, தலையாட்டிய பிறகே மாட்டினேன். அக்கா பலகையோடு அடுத்த பஸ் ஏறினார். மத்தியானத்துக்குள் பெட்டி சூடேறிவிட்டது. முட்டை அத்தனையும் பொரிந்தது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரோஜா இருந்தால், பாதிதான் பொரிந்தது என்று திருத்தியிருப்பார். பாதிதான்.

அன்றே அவர் அந்த ஆட்களுக்கு நன்றி சொல்லி எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று பயந்துகொண்டே கேட்டேன். "பாகத்தோட நம்பரைப் போட்டேன். மாட்டின டெக்னீஷியனே ஞாபகப்படுத்திச் சொன்னாருன்னு போட்டேன். வேற ஒண்ணும் போடல" என்றார்.

சரோஜாவின் ஈமக்காரியம் முடிந்ததும் அவருடைய வீட்டுக்காரர் அந்த லென்ஸை என்னிடம் கொடுத்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து எனக்குத் தங்கியது அது அல்ல. பாதியில் விட்ட அந்த டிவியை நேற்று முடித்தேன். மாட்டிய பாகத்தின் நம்பரை மூடியின் உள்பக்கம் பென்சிலால் பெரிதாக எழுதிவிட்டு மூடினேன். எதிர்க்கடைக்காரன் திறந்தால் படித்துக்கொள்ளட்டும்.