மீன் வாசமும் அமெரிக்க நீதியரசர்களும்

நோட்டீஸ் கொடுக்கிற தொழிலில் சம்பளம் இல்லை, நன்றி இல்லை. குளிர் மட்டும் தாராளமாக உண்டு. நீங்களும் ஒருநாளாவது தோர்ண்டன் ஹீத் ரயில் ஸ்டேஷன் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தால் என் துன்பம் விளங்கும். பேசாமல் நீட்டினால் பிச்சை என்று விலகுவார்கள். வாய் திறந்தால் மதம் மாற்ற வந்தவன் என்று ஓடுவார்கள். நான் பல்கலைக்கழகம் போனவனல்ல. யாழ்ப்பாணத்தில் மற்றவர்கள் எழுதிய நோட்டீஸ்களை வாசித்துப் படித்தேன். பிறகு நானே எழுதினேன். அதற்கு அடியும் வாங்கினேன். அந்தப் பெருமையை எவரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது.

இந்தத் தொழிலில் மிகக் கொடிய பருவம் அமெரிக்கத் தேர்தல் காலம். இந்த நாட்டில் குடியேறி இத்தனை வருடமாகியும் தங்கள் ஊர்க் கவுன்சிலர் யாரென்று தெரியாத நம் சனம், பென்சில்வேனியாவில் எந்தப் பகுதி எந்தப் பக்கம் சாயும் என்று விரல்விட்டுச் சொல்லும்.

யானைக்கு எதிரி

வாடகைக்கு இருப்பவர்களின் உரிமைகள் பற்றிய நோட்டீஸ் ஒன்றை ஒரு முதியவரிடம் கொடுத்தேன். நின்று, கண்ணாடியை மாட்டி, இரண்டு பக்கமும் பார்த்தார். இப்படி ஒருவர் நின்று வாசித்தால் எங்கள் தொழிலில் அது திருவிழா.

"இதில அமெரிக்கா பற்றி ஒண்டும் இல்லையே?" என்றார். "இல்லை ஐயா, இது உங்கட வீட்டைப் பற்றி" என்றேன். அவர் கேட்கவில்லை. "அங்க யானைக் கட்சியும் கழுதைக் கட்சியுமாம். எங்கட நாட்டிலயும் யானைச் சின்னத்தில ஒரு கட்சி கேட்டது. நான் ஒருநாளும் யானைக்குப் போட்டதில்லை. ஆனபடியா இந்தமுறை கழுதைதான்."

"ஐயா, உங்களுக்கு அங்க வாக்கு இல்லையே!" என்றேன். நோட்டீஸை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"வாக்கு இல்லாட்டி என்ன தம்பி, கொள்கை கொள்கைதான்."

கீழே மீன்கடை

அந்த நோட்டீஸ் ரெஜினா அக்காவுக்காக அடித்தது. மன்னார்ப் பக்கம்; முதியோர் இல்லத்தில் வேலை; இரண்டு பிள்ளைகளோடு ஒரு கடைக்கு மேலே குடியிருக்கிறார். கட்டிட ஓனர் எங்கள் ஆள்தான். கோயிலில் கண்டால் கும்பிடுவார். கூடுதல் வாடகைக்கு வேறு ஆளைப் போட அவருக்கு ஆசை. அக்காவை வீட்டைவிட்டு எழுப்புவதற்கு அவர் கண்டுபிடித்த காரணம், அக்கா மீன் பொரிக்கிற மணம் அயலாருக்கு இடைஞ்சலாம். அடுத்த கட்டிடத்துக்காரர் மணத்தைப் பற்றி முறைப்பாடு செய்ததும் உண்மை. அதை வைத்து ஓனர் வழக்குப் போட்டுவிட்டார். தோற்றால் அக்கா பிள்ளைகளோடு தெருவில்தான்.

கோப்பி சுட்டதற்கு அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள் என்று சிரிக்கிறீர்களே, இதற்கு என்ன செய்வீர்கள்? அக்காவின் வீட்டுக்குக் கீழே இருப்பது மீன்கடை! அதன் காற்றாடி, கடை மணம் முழுவதையும் அள்ளி அக்காவின் யன்னலடியில்தான் கொட்டுகிறது. கடை நடத்துகிற தவத்திடம் போய், நீதிமன்றத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லும் என்று கேட்டேன். விளைமீனுக்குச் செதில் உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்:

"அண்ணை, அது அக்காவின்ர மணமில்லை, என்ர மணம்தான், ஆனா அவர் எனக்கும் ஓனர்."

ஒரு நீதியரசர் குறைவு

முதல் விசாரணைக்குப் போனோம். அக்கா வேலைக்கு லீவு போட்டு, நல்ல சேலை கட்டி, செபமாலையைக் கையில் சுற்றி வந்திருந்தார். துணைக்கு நோர்பரியில் இருக்கிற சிவம் அண்ணை. ஓய்வுபெற்ற கணக்காளர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தும்மல் கேட்டால் இவருக்குத் தடிமன் பிடிக்கும். நெடுநேரம் காத்திருந்த பிறகு அங்கே வேலைசெய்கிற ஒரு பிள்ளை வந்து, இன்றைக்கு ஜட்ஜ் கிடைக்கவில்லை, வேறு திகதி தருவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த முறையும் அதே கதை.

வெளியே பஸ் தரிப்பில் சிவம் அண்ணை அக்காவுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அமெரிக்காவில் நீதியரசர் சாகும்வரை இருக்கலாம், ஒரு கதிரை காலியானால் நாடே இரண்டுபடும், அடுத்த ஜனாதிபதி யாரை இருத்துவார் என்பதுதான் இன்றைய பெரிய கேள்வி என்றார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. ஏறும்போது திரும்பினார்.

"அண்ணை, அவைக்கு ஒரு கதிரைதானே காலி, எங்களுக்கு ஒரேயொரு கதிரை, அதிலயும் ஆளில்லை."

வழுக்கி விழும் உரிமை

அடுத்த விசாரணைக்கு அக்காவோடு வர ஆள் திரட்ட, நகரத்தின் மறுகோடியில் இருக்கிற மனோர் பார்க்குக்கும் போனேன். முருகன் கோயில் வாசலில் ஒருவர் நோட்டீஸை வாங்கி, உடனே கீழே போட்டார். பொறுக்கி மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் போட்டார். கோபம் வந்தது. ஏன் என்று கேட்டேன். மழை ஈரத்தில் கிடந்த கடதாசியைச் சப்பாத்து முனையால் மெல்லத் தள்ளிப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இதில வழுக்கி விழுந்தா அமெரிக்காவில மில்லியன் குடுப்பினமாம், இங்க உம்மட்டை எவ்வளவு எடுக்கலாம்?"

கண் சிவந்தவர்கள்

மூன்றாவது முறையாக விசாரணைக்குத் திகதி வந்தது. அமெரிக்கர் வாக்களித்த செவ்வாய்க்கு அடுத்த புதன் காலை! அதைப் பார்த்ததும் ஆள் வரும் என்ற நம்பிக்கையைக் கைகழுவிவிட்டேன். நம் சனம் இரவு முழுக்க வாக்கெண்ணிக்கை பார்க்கும். காலையில் நித்திரை கொள்ளும். நீதிமன்ற வாசலில் நானும் அக்காவும் மட்டும் நின்றோம். இந்த இனத்துக்கு நோட்டீஸ் அடித்த மையெல்லாம் வீண் என்று மனதுக்குள் கரித்துக்கொட்டினேன்.

அப்போது பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டம் இறங்கியது. கண்கள் சிவப்பு, தலைகள் கலைந்து, வாய்கள் மட்டும் ஓயவில்லை. சிவம் அண்ணை வீட்டில் விடிய விடிய இருந்துவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். இனிப் படுத்தால் எழும்பமாட்டோம் என்று அவர்தான் கிளப்பி வந்தாராம். கூட்டத்தின் கடைசியில் தவம்.

நடந்ததைச் சிவம் அண்ணை சொன்னார். தவம் ஆதரித்த பக்கம் தோற்றுக்கொண்டு போயிருக்கிறது. வாக்குப் போடாமல் வீட்டில் கிடந்த அமெரிக்கர்களை அவன் இரவு முழுக்கத் திட்டியிருக்கிறான்: சோம்பேறிகள், பயந்தாங்கொள்ளிகள், ஒரு மைல் நடந்துபோக ஏலாதவர்கள். கடைசியில் சிவம் அண்ணை, "தவம், காலமை அக்காவின்ர வழக்கு நடக்கிற கோட்ஸ் எங்க இருக்கெண்டு தெரியுமோ உமக்கு? நடந்தாலும் போகலாம்" என்றாராம். தவம் எழுந்து சப்பாத்தைத் தேடத் தொடங்கினானாம்.

அன்று ஜட்ஜ் இருந்தார். ஓனரின் வக்கீல் மணத்தைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். பின்னால் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே உறங்கினார்கள். அக்காவின் பக்கம் சாட்சி உண்டா என்று கேட்டபோது தவம் எழுந்தான். எதிர்ப்பக்கம் மறுத்தும் ஜட்ஜ் அவனைப் பேசவிட்டார். ஓனரை ஒருமுறை பார்த்தான், பிறகு தன் கடைக் காற்றாடி எங்கே திரும்பியிருக்கிறது என்பதை முழுவதும் சொன்னான். மீன்கடையில் மீன் மணக்காவிட்டால்தான் முறைப்பாடு செய்யவேண்டும் என்று ஜட்ஜ் சொல்லி, வழக்கைத் தள்ளினார். அக்கா செபமாலையை இறுக்கிப் பிடித்து அழுதார்.

வெளியே வந்ததும் தவத்தின் கையைப் பிடித்தேன். "ஓனர் உம்மைக் கடையிலிருந்து எழுப்ப வந்தால் உமக்கும் நோட்டீஸ் அடிப்பன்" என்றேன். அழுத்தமாகத்தான் சொன்னேன். அவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு யோசித்தான்.

"அடியுங்கோ அண்ணை, ஆனா அடியில கடை திறக்கிற நேரத்தையும் போட்டுவிடுங்கோ."

அமெரிக்காவில் யார் வென்றால் நமக்கென்ன என்று அந்தப் பருவம் முழுக்கக் கத்தித் திரிந்த நான், அடுத்த தேர்தல் எந்த மாதம் என்று இப்போதே சிவம் அண்ணையிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.