முனீஸ்வரனான நிழல் கடிகாரம்

“கல் தூண் உறுதியாக நிற்கிறது. செப்புத் தகடு மட்டும் லேசாக ஆடுகிறது. ஐப்பசி, இரண்டாம் ஞாயிறு.”

பாகூர் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பண்ணை பங்களா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து நான் எழுதிய குறிப்பு இது. கூரை விழுந்த பங்களாவின் முன்னே, கரும்புக் கொல்லை ஓரத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு நிழல் கடிகாரம் இருந்தது. மேல்கல்லில் மணிக்கோடுகள். நடுவே நட்ட முக்கோணத் தகட்டின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் நேரம்.

பங்குனியில், அந்த நிலம் மனைகளாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். பங்களா தரைமட்டமாகியிருந்தது. கடிகாரம் இருந்த இடத்தில் டயர் தடம். ஜேசிபி ஒன்று உடைந்த கற்களைப் பள்ளத்தில் தள்ளி மூடிக்கொண்டிருந்தது. கையை ஆட்டிக்கொண்டே வண்டியை நோக்கி ஓடினேன்.

“இங்க ஒரு கல் தூண் இருந்துச்சே, அது இன்னா ஆச்சுப்பா?”

ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். “முனீஸ்வரனா? அத ஒடைப்பனா சார்? எனக்கு ரெண்டு புள்ள இருக்கு. தேங்கா ஒடச்சிட்டு, பதமா தூக்கியாந்து அங்க வெச்சிட்டேன்.”

அவர் காட்டிய வேப்பமரத்தடியில் கடிகாரம் முழுசாக நின்றது. தூணில் மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி. தகட்டின் முனையில் எலுமிச்சம்பழம். நான் முன்பு பார்த்தபோது இவை எதுவும் இல்லை. அது மழைக்காலம்; மஞ்சளெல்லாம் கரைந்து போயிருக்க வேண்டும். கரும்பு வெட்டும் அம்மாள் ஒருவர் அங்கே விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

“மொத வெட்டுக்கு முன்னாடி இங்கதான் படைப்போம். இந்தத் தகடுதான் சாமி கத்தி. கோட்டுக்குக் கோடு ஒரு வெத்தல வெப்போம், ஆளுக்கு ஒண்ணு.”

“மனை போடறவங்க இத வுடுவாங்களா?”

“மரத்தடிய கோயிலுக்குன்னு வுட்டுட்டாங்க. கேட்டு வாங்கிட்டோம்ல!”

“ஆனா வெயில்ல இருந்தாத்தாம்மா இது மணி காட்டும்.”

“இத்தினி வருசம் வெயில்ல காஞ்சது போதாதா? மணி பாக்கத்தான் கையில வாட்ச் கட்டிக்கினு வந்திருக்கீங்களே சார்!”

ஓட்டுநர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நிழல் கடிகாரத் தகட்டின் சாய்வு ஊருக்கு ஊர் மாறும். அது மிகக் குறைவாக இருந்தால், கடிகாரம் நம் ஊர் வெயிலுக்கென்றே செய்தது; அதிகமாக இருந்தால், பிரான்சுக்குச் செய்து கப்பலில் வந்தது. அளப்பதற்காக எலுமிச்சம்பழத்தை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குச் சாய்வு குறைவாகத்தான் தெரிகிறது. அளந்து சரிபார்க்கவில்லை.