ஏழு வரி மிஞ்சியது

கே.கே. நகர்ப் பக்கம் எங்கள் கல்லூரியில் அன்று கம்ப்யூட்டர் பிராக்டிகல் தேர்வு. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஸ்ரீரங்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை. உறையூர்ப் பெண் ஒருத்தியின் புரோகிராமில் விடை தப்பாக வந்ததால், கல்லூரி சார்பில் எக்ஸாமினராக இருந்த நான் சைபர் போட்டுவிட்டேன். அவர் மட்டும் போய் அவள் இடத்தில் உட்கார்ந்தார்.

ஒரு வரியை அழிப்பார், ஓட்டிப் பார்ப்பார், "தப்பு இன்னும் இருக்கு" என்று முனகுவார். அடுத்த வரியை அழிப்பார். "இன்னும் இருக்கு." சாப்பாட்டு நேரம் தாண்டியது. அந்தப் பெண் நகத்தைக் கடித்தபடி நின்றாள். கடைசியில் ஏழே வரி மிஞ்சியது. அதில் ஒரு பிசகும் இல்லை. விடை மட்டும் தப்பு.

"சார், இவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. இதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்ற கம்பைலர்லதான் கோளாறு."

"கம்பைலர்லயா? ஊர் உலகமே அதைத்தானே உபயோகிக்குது!"

"ஆமாங்க. யார் வேணாலும் திருத்தலாம்னு பொதுவில இருக்கிறது. புரோகிராம் வேகமா ஓடணும்னு போன வருஷம் அதுல ஒரு மாற்றம் நடந்துச்சு. அங்கதான் பிசகியிருக்கு."

"யார் சார் பண்ணினது?"

"நான்தான்."

தொலைந்த சாவி கிடைத்தவர் மாதிரி சிரித்தார். "இந்த ஏழு வரியை எடுத்துக்கலாமாம்மா? திருத்தினப்புறம் இதை வெச்சுத்தான் சோதிக்கணும்" என்று அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, பஸ் ஏறப் போய்விட்டார்.

நான் திருத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு சைபர். அதை அடித்து முழு மார்க் போட்டபோது எனக்கு ஏன் அந்தச் சிரிப்பு வரவில்லை என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.