பச்சை அணி எடுத்த இருபத்தோராயிரம் புள்ளிகள்

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம், விளையாட்டு விழாப் புள்ளிகளை அதுதான் கூட்டப்போகிறது என்றதும் நான் குதித்த குதி இருக்கிறதே! நிரல் எழுதியது என் சித்தியாயிற்றே. கோலா சிலாங்கூருக்கு பஸ் ஏறிப்போய் கம்ப்யூட்டர் படித்தவள். கணக்குச் சரியாக வந்தால் ஆபீசில் வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வராவிட்டால் அவள் மறுபடி பால்வெட்டுக்கே போகவேண்டியதுதான்.

விழா அன்று காலை, மூன்று அணிகள் என்றிருந்த இடத்தில் ஈஜோக் பக்கமிருந்து லோரி நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். நாலாவதாகப் பச்சை அணி! சித்தி அவசர அவசரமாக நிரலில் பச்சையைச் சேர்த்துத் தட்டினாள். திரையில் வந்தது: எரர் 0, வார்னிங் 1.

“எரர்னா மிஷின் ஒத்துக்காது, ஓடவே ஓடாது. வார்னிங்னா ஓடும், ஆனா எங்கயோ இடிக்குதுன்னு சொல்லுது. இரு, என்னன்னு படிச்சிட்டு வரேன்” என்றாள்.

எனக்கு எங்கே பொறுமை? வெளியே விசில் ஊதிவிட்டார்கள்.

“அதான் ஓடுதுல்ல? வா சித்தி, வா லா!” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவளும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

மாலையில் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அச்சடித்த தாளை மைக்கில் வாசித்தார். சிவப்பு ஐம்பத்திரண்டு. மஞ்சள் நாற்பத்தேழு. நீலம் நாற்பது. பச்சை, இருபத்தோராயிரத்து எண்ணூற்று ஆறு!

ஐயோ, அந்தக் கூச்சல்! விருந்தாளிப் பிள்ளைகள் தகரத்தைத் தட்டி ஆடினார்கள். நான் மஞ்சள் அணி என்பதையே மறந்து கைதட்டினேன். கிராணி மட்டும், “மிஷின் கோளாறு” என்று உதட்டைப் பிதுக்கினார். அப்படியே விட்டிருந்தால் சித்தி தப்பித்திருப்பாள். அவளோ மைக்கை வாங்கினாள்.

“மிஷின் மேல தப்பு இல்ல சார். பச்சைக்கு ஜீரோவுல ஆரம்பின்னு நான் எழுத மறந்துட்டேன். உள்ள கெடந்த ஏதோ குப்பை நம்பர் மேல அது கூட்டிடுச்சு. காலையிலயே வார்னிங் கொடுத்துச்சு, நான்தான் படிக்கல.”

போச்சு, வேலை போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. சித்தி உள்ளே ஓடிப்போய்த் திருத்தி வேறு தாள் கொண்டுவந்தாள். பச்சை முப்பத்தெட்டு. மேனேஜர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, “திங்கக்கிழமை வந்துரும்மா” என்றார்.

நான் போட்ட சத்தத்தில் எங்கள் வரிசைவீட்டு லயமே திரும்பிப் பார்த்தது. நான் கூட இருந்த ராசியில்தான் வேலை கிடைத்ததென்று ஒரு வாரம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். சித்தியும் தலையாட்டி வைத்தாள். அந்த ஒரு வரியைப் படிக்கவிடாமல் அவளை இழுத்துப்போனது யார் என்று அவள் மைக்கிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. எனக்கும் அன்று அது உறைக்கவில்லை.